சிறு கவசக் கெளுத்தி ஒன்றைப் புதிய சிற்றினமாக முறைப்படி விவரிப்பது எப்படி?

தென் அமெரிக்காவின் ஆறுகளிலும் ஓடைகளிலும் மணலைக் கிளறியபடி கூட்டமாகத் திரியும் கொரிடோராஸ் மீன்களை, மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் நன்றாகவே அறிவார்கள். பெரும்பாலும் விரல் நீளத்துக்கு மேல் வளராத இந்தக் கெளுத்திகளுக்குச் செதில் கிடையாது. அதற்குப் பதிலாக உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் மேல் வரிசை, கீழ் வரிசை என இரண்டு வரிசை எலும்புத் தகடுகள், ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து கவசமாக அமைந்திருக்கின்றன. இந்தக் கூட்டத்தில் 200க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதுவரை பெயர் பெற்றுள்ளன. பெயர் பெறாத வடிவங்களும் பல உண்டு; அவை சி, சிடபிள்யூ என்ற எழுத்துகளோடு ஓர் எண்ணை மட்டும் தாங்கி அலங்கார மீன் வணிகத்தில் உலவுகின்றன. அப்படிப்பட்ட ஒரு மீனுக்கு அறிவியலில் நிலைக்கக்கூடிய பெயரைத் தருவதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே பொருள்.

விவரிப்பு என்றால் கையில் இருக்கும் மீனைத் தலை முதல் வால் வரை வருணிப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஓர் ஒப்பீடு. இன்னும் நூறு ஆண்டுகள் கழித்து, வேறொரு மீனைக் கையில் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் கட்டுரையைப் படித்து, "இது அந்த மீன்தான்" என்றோ "இது அதுவல்ல" என்றோ ஐயமின்றி முடிவு செய்ய முடிய வேண்டும். ஆகவே உழைப்பில் பெரும்பகுதி புதிய மீனுக்குச் செலவாவதில்லை. ஏற்கெனவே பெயர் பெற்ற பழைய மீன்களுக்குத்தான் செலவாகும்.

பழைய பெயர்களை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

விலங்குப் பெயர்களில் முன்னுரிமை விதி லின்னேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் 1758இல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலிருந்து தொடங்குகிறது. ஒரே சிற்றினத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் முந்தியதே பொதுவாக நிலைக்கும். எனவே, உங்கள் மீனுக்கு யாராவது எப்போதோ பெயரிட்டு, அந்தப் பெயர் வேறொரு பெயரின் மறுபெயராக ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறதா என்று தேட வேண்டும். கலிஃபோர்னிய அறிவியல் கழகம் பராமரிக்கும் எஷ்மையர் மீன் பெயர்ப் பட்டியல் இதற்கான முதல் இடம். எந்தப் பெயரை யார், எந்த ஆண்டு, எந்த மாதிரியைக் கொண்டு வெளியிட்டார், அந்த மாதிரி இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பதை அது சொல்லும். அங்கிருந்து மூல விவரிப்புகளுக்குச் செல்ல வேண்டும். இடையில் வந்த கையேடுகளையும் இணையப் படங்களையும் நம்பி இந்தப் படியைத் தாண்டினால் பிறகு அடித்தளமே ஆடிப்போகும்.

மூல விவரிப்புகள் சில நேரம் மிகச் சுருக்கமாக இருக்கும். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் சேகரித்த மீன்களைக் கொண்டு ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜெனின்ஸ் 1842இல் காலிக்தீஸ் பாலியாட்டஸ் என்ற பெயரை வெளியிட்டார். பின்னர் கொரிடோராஸ் பாலியாட்டஸ் என்று தொட்டிகளில் பரவியது இந்த மீனின் பெயர்தான். அந்தக் காலத்தில் அந்தச் சில வரிகள் போதுமானவையாக இருந்தன. ஆனால் ஒன்றுபோலத் தோன்றும் பல சிற்றினங்கள் அடுத்தடுத்த ஆற்றுப் படுகைகளில் இருப்பது தெரிந்த பின், அந்த வரிகளை மட்டும் வைத்து எதையும் பிரித்தறிய முடியாது. அப்போது மாதிரியையே பார்க்க வேண்டும். நேரில் போக இயலாவிட்டால், பொறுப்பாளரிடம் குறிப்பிட்ட கோணங்களில் படங்களும், தேவையானால் எக்ஸ்ரே படமும் கேட்டுப் பெறலாம். கேட்கும்போது "படம் அனுப்புங்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், மார்புத் துடுப்பு முள்ளின் பின்விளிம்பு, வயிற்றுப்புறம், தலையின் பக்கவாட்டு எலும்புகள் என்று பகுதி பகுதியாகக் கேளுங்கள்.

இன்னொரு சிக்கலையும் கவனிக்க வேண்டும். 2024இல் வெளியான விரிவான வகைப்பாட்டு ஆய்வு, கொரிடோராஸ் என்ற பெரிய பேரினத்தைப் பிரித்து, ஹோப்லிசோமா, காஸ்ட்ரோடெர்மஸ், ஆஸ்டியோகாஸ்டர், பிரோக்கிஸ் ஆகிய பழைய பேரினப் பெயர்களை மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. எனவே இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பழைய இலக்கியம் கண்ணில் படாது. கொரிடோராஸ் என்ற பெயரிலும் தேட வேண்டும். உங்கள் மீன் எந்தப் பேரினத்தில் சேரும் என்பதையும், அதற்கு அடிப்படையான உடற்கூற்றுப் பண்புகள் எவை என்பதையும் கட்டுரையில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

நிறம் ஏமாற்றும் விதம்

இந்த மீன்களின் முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் உறுதியான முட்கள் இருக்கின்றன. மார்பு முள்ளின் அடியில் நச்சுச் சுரப்பியும் உண்டு. கொத்த வரும் எதிரிக்கு இது கசப்பான அனுபவம். ஆகவே ஒரே ஓடையில் வாழும் வெவ்வேறு சிற்றினங்கள் ஒரே நிறக்கோலத்தை எச்சரிக்கைக் குறியாகப் பகிர்ந்துகொள்கின்றன. அவ்வாறு ஒரே கோலத்தில் கூடி வாழும் மீன்கள் பல நேரம் நெருங்கிய உறவினர்கள் அல்லர் என்பதையும், மூக்கின் நீளத்திலும் உணவிலும் அவை வேறுபடுகின்றன என்பதையும் 2011இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. வலையில் ஒன்றாக விழுந்த பத்து மீன்களும் ஒரே சிற்றினம் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

அமேசானின் கிளையாறான ரியோ நெக்ரோவின் மேல் படுகை மீன்கள் இதற்கு நல்ல பாடம். 1982இல் பெயரிடப்பட்ட அடோல்ஃபோய் என்ற மீனுக்குக் கண்ணின் குறுக்கே ஒரு கரும்பட்டை, முதுகுத் துடுப்புக்கு முன்னால் செம்மஞ்சள் திட்டு, முதுகின் மேல்விளிம்பு நெடுகிலும் ஒரு கரும்பட்டை ஆகியவை உண்டு. 1995இல் பெயரிடப்பட்ட டூப்ளிகாரியஸ் மீனையும் அருகில் வைத்தால் முதல் பார்வையில் இரண்டும் ஒன்றே. மெதுவாகப் பார்த்தால் டூப்ளிகாரியஸின் முதுகுப் பட்டை அகலமாக இருப்பது தெரியும். பிறகு மார்பு முள்ளைப் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் பின்விளிம்புப் பற்கள் மற்றதைவிடப் பெரிதாகவும் முரடாகவும் இருப்பது தெரியும். பட்டை அகலம் என்பதை ஒருவர் தனி மீன்களின் வேறுபாடு என்று தள்ளிவிடலாம்; நிறமும் முள்ளும் எல்லா மீன்களிலும் சேர்ந்தே மாறுகின்றன என்னும்போதுதான் வாதம் நிற்கிறது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பண்புகளாவது ஒருசேரப் பிரிக்க வேண்டும் என்பதை நான் கட்டாய விதியாகவே கொள்வேன்.

சேகரிப்பு

முதலில் அனுமதி. பிரேசிலில் என்றால் உயிரினப் பாதுகாப்புக்கான ஐசிஎம்பியோ என்ற அரசு நிறுவனத்தின் சிஸ்பியோ இணைய அனுமதி முறை வழியாகச் சேகரிப்பு அனுமதி பெற வேண்டும். 2015ஆம் ஆண்டின் 13.123ஆம் எண் சட்டத்தின்படி, முடிவுகளை வெளியிடும் முன் மரபு வளங்களுக்கான சிஸ்ஜென் பதிவேட்டிலும் பதிய வேண்டும். பெரு, கொலம்பியா முதலிய நாடுகளுக்கு அவரவர் சட்டங்கள் உண்டு. அந்த நாட்டு மீனியலாளர் ஒருவரை ஆய்வுப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு தொடங்குவதே முறையும் நியாயமும் ஆகும்; ஓடைகளையும் அவற்றின் பருவங்களையும் அறிந்தவர்கள் அவர்கள்தான்.

வணிகத்தில் வாங்கிய மீன் ஆவலைத் தூண்டலாம், ஆனால் அதை மட்டும் நம்பி விவரிக்கக் கூடாது. ஏற்றுமதி செய்யும் நகரத்தின் பெயர் மீன் பிடித்த இடத்தின் பெயர் ஆகிவிடுவதும், பிடித்த இடத்தை வணிகர் மறைத்து வைப்பதும் வழக்கம். மாதிரி கிடைத்த இடம் தவறாகிவிட்டால் பின்னர் வரும் எவராலும் அதே மீன்தொகையைத் தேடிப் பிடித்து உங்கள் முடிவைச் சரிபார்க்க முடியாது. ஆற்றுப் படுகை, கிளையாறு, ஓடையின் பெயர், அருகிலுள்ள ஊர், ஆயங்கள், தேதி, சேகரித்தவர் ஆகியவற்றைக் கரையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீரின் நிறம், ஓட்டம், அடித்தளம் மணலா சேறா சருகா, உடன் பிடிபட்ட மீன்கள் எவை என்பதையும் சேர்த்து எழுதினால் சூழலியல் பகுதிக்கு அதுவே உதவும்.

பிடித்தவுடன் செய்ய வேண்டியவற்றின் வரிசை முக்கியமானது. மயக்குவதற்கு முன் ஒருசில மீன்களைச் சிறு கண்ணாடித் தொட்டியில் இட்டு, இடப்புறம் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். பச்சை, பொன், செம்மஞ்சள் மினுமினுப்பெல்லாம் பாதுகாப்புத் திரவத்தில் மறைந்துபோகும். கரிய நிறமிகள் மட்டுமே பெரிதும் எஞ்சும். அதன்பின் யூஜெனால் போன்ற மயக்க மருந்தை மிகுந்த அளவில் கொடுத்து, துன்பமின்றி உயிர் பிரியச் செய்ய வேண்டும். டிஎன்ஏவுக்காகச் சில மீன்களின் வலப்புறத்திலிருந்து சிறிது தசையையோ துடுப்புத் துண்டையோ எடுத்துச் செறிவான எத்தனாலில் இட வேண்டும். இதை ஃபார்மலினுக்கு முன்பே செய்ய வேண்டும், ஏனெனில் ஃபார்மலின் பட்ட திசுவிலிருந்து பயனுள்ள டிஎன்ஏவை எடுப்பது மிகக் கடினம். திசுக் குப்பிக்கும் மீனுக்கும் ஒரே எண் கொண்ட சீட்டு இருக்க வேண்டும். பிறகு துடுப்புகளை விரித்து, உடலை நேராகக் கிடத்தி, 10 விழுக்காட்டு ஃபார்மலினில் சில நாள்கள் வைத்து, நீரில் அலசி, 70 விழுக்காட்டு எத்தனாலுக்கு மாற்ற வேண்டும். வளைந்து விறைத்த மீனிலிருந்து நம்பத்தக்க அளவு கிடைக்காது.

எத்தனை மீன் வேண்டும் என்றால், ஆண், பெண், இளசு, முதிர்ந்தது எனப் பரவலாக இருக்கும் அளவுக்கு வேண்டும்; அதற்கு மேல் வேண்டாம். கொரிடோராஸ் கூட்டத்தில் பல ஆண்களுக்கு ஈட்டிமுனை வடிவப் பிறப்புறுப்புக் காம்பு உண்டு, பெண்கள் உடல் பருத்திருக்கும். ஆணை ஒரு சிற்றினமாகவும் பெண்ணை இன்னொன்றாகவும் பெயரிட்டுவிடாமல் இருக்க இரு பாலும் கையில் இருக்க வேண்டும்.

அளத்தலும் எண்ணலும்

அளவுகளை இலக்கக் காலிப்பரால் 0.1 மில்லிமீட்டர் நுணுக்கத்தில், எப்போதும் இடப்புறத்திலேயே எடுக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் அடி வரையிலான திட்ட நீளமே அடிப்படை அளவு. உடலின் மற்ற அளவுகள் அதன் விழுக்காடாகவும், கண் விட்டம், மூக்கு நீளம் போன்றவை தலை நீளத்தின் விழுக்காடாகவும் தரப்படும். இந்தக் குடும்பத்துக்கு மீனியலாளர் ரைஸ் 1997இல் பயன்படுத்திய அளவீட்டு முறையைப் பெரும்பாலோர் பின்பற்றுவதால் அதையே நீங்களும் எடுத்துக்கொண்டால் உங்கள் அட்டவணையை மற்றவர்களின் அட்டவணையோடு நேரடியாக ஒப்பிடலாம். முறையை எங்காவது மாற்றினால் என்ன மாற்றினீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

தகடுகளை எண்ணுவது எளிதாகத் தோன்றும், ஆனால் ஈரமான மீனில் தகட்டின் விளிம்புகள் ஒன்றோடொன்று கலந்து தெரியும். மீனைத் திரவத்திலிருந்து எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, மெல்லிய காற்றை ஊதினால் மேற்பரப்பு காய்ந்து, ஒவ்வொரு தகட்டின் பின்விளிம்பும், அதன் மேல் வரிசையாக நிற்கும் நுண்பற்களும் ஒளியில் பளிச்சென்று எழுந்து நிற்கும். அந்தச் சில நொடிகளுக்குள் எண்ணிவிட்டு மீனை உடனே திரவத்துக்குள் திருப்ப வேண்டும். முதல் தகடு எது, வால் அடியின் கடைசித் தகடு எது என்பதை முன்பே வரையறுத்துக்கொள்ளாமல் எண்ணினால் ஒன்றிரண்டு கூடிக் குறையும். இந்த மீன்களில் அந்த ஒன்றிரண்டே பெரிய வித்தியாசம். முதுகுத் துடுப்பில் ஒரு முள்ளும் 7 கிளைக் கதிர்களும் இருப்பதைப் பதிவு செய்யுங்கள். ஆனால் பல சிற்றினங்களுக்கு அது பொது என்பதால் அதைக் கொண்டு எதையும் பிரிக்க முயல வேண்டாம்.

மார்பு முள்ளின் பின்விளிம்பைத் தோல் மூடியிருக்கும். அதை ஊசியால் மெல்ல விலக்கினால் பற்கள் தெரியும். அவை முள்ளின் அடியை நோக்கிச் சாய்ந்தவையா, நுனியை நோக்கிச் சாய்ந்தவையா, செங்குத்தாக நிற்பவையா, முள்ளின் முழு நீளத்துக்கும் பரவியுள்ளனவா என்று பாருங்கள். இளம் மீனுக்கும் முதிர்ந்த மீனுக்கும் இவை மாறக்கூடும் என்பதால் ஒரே அளவுள்ள மீன்களையே ஒப்பிட வேண்டும். வயிற்றுப்புறம் நுண்தகடுகளால் மூடப்பட்டுள்ளதா, வெறும் தோலா என்பதும், தோள்வளையத்தின் கோரகாய்டு எலும்பு வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதும், கண்ணுக்குக் கீழே உள்ள எலும்புகளின் அகலமும் இந்தக் கூட்டத்தில் பயனுள்ள பண்புகள்.

எலும்புகளுக்கு டெய்லரும் வான் டைக்கும் 1985இல் வெளியிட்ட முறை இன்றும் கைகொடுக்கிறது. ஆல்சியன் நீலம் குருத்தெலும்புக்கு நீல நிறத்தையும் அலிசரின் எலும்புக்குச் செந்நிறத்தையும் தரும். டிரிப்சின் தசையைத் தெளிய வைக்கும். முடிவில் மீன் கிளிசரினில் கண்ணாடிபோல் நிற்கும். புதிய பெயரைத் தாங்கப்போகும் ஒற்றை மாதிரியான ஹோலோடைப்பை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. நுண் சிடி ஸ்கேன் வசதி கிடைத்தால் மாதிரிக்குச் சேதமில்லாமலே எலும்புகளைப் பார்க்கலாம்.

டிஎன்ஏ சான்று இப்போது ஏறக்குறைய எல்லாரும் எதிர்பார்ப்பது. சிற்றினங்களை இனங்காணப் பயன்படும், சுமார் 650 கார இணைகள் நீளமுள்ள சிஓஐ பட்டைக்குறியீட்டுப் பகுதியை வரிசைப்படுத்திப் பொதுத் தரவகத்தில் சேர்ப்பது நல்லது. ஆனால் அது தாய்வழி மட்டும் வரும் மைட்டோகாண்டிரிய மரபணு. இந்தக் கூட்டத்தில் குரோமோசோம் எண்ணிக்கை 40 முதல் 134 வரை வேறுபடுகிறது; மரபுத்தொகுதி இரட்டிப்புகளும் நடந்துள்ளன. ஆகவே ஏதேனும் ஒரு விழுக்காட்டு வேறுபாட்டை எல்லையாக வைத்துக்கொண்டு "இதற்கு மேல் புதியது, கீழ் பழையது" என்று தீர்ப்புச் சொல்வதை நான் ஏற்பதில்லை. உடற்கூறு சொல்வதை டிஎன்ஏ உறுதிப்படுத்தலாம், அல்லது மறுபடி பார் என்று எச்சரிக்கலாம்.

கட்டுரையின் இதயம் வேறுபடுத்தும் பத்தி

மீனை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் பத்தியைத்தான் எல்லாரும் முதலில் படிப்பார்கள். பெயர் செல்லுபடியாவதற்கும் பிற சிற்றினங்களிலிருந்து பிரிக்கும் பண்புகளை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. "உடலில் கரும்புள்ளிகள் அழகாகப் பரவியுள்ளன" என்று எழுதினால் அதற்குப் பயனில்லை. "கண்ணைக் கடக்கும் கரும்பட்டை இருப்பதால் அது இல்லாத இன்ன சிற்றினங்களிலிருந்தும், வயிற்றுப்புறம் முழுவதும் நுண்தகடுகளால் மூடப்பட்டிருப்பதால் அது வெறும் தோலாக உள்ள இன்ன சிற்றினங்களிலிருந்தும் வேறுபடுகிறது" என்று இரு பக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும். அளவு என்றால் இரு சிற்றினங்களின் வீச்சையும் எண்களில் தர வேண்டும். வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் அந்த அளவை இந்தப் பத்தியிலிருந்து எடுத்துவிட வேண்டும். "பெரும்பாலும்", "சற்றே" போன்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடிப் பாருங்கள். வாதம் பலவீனமாக இருப்பது அந்த இடங்களில்தான். எழுதி முடித்தபின், மீனை அறியாத ஒருவரிடம் இரண்டு பெயரில்லாத குப்பிகளையும் இந்தப் பத்தியையும் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் குறைகள் உடனே வெளிப்படும்.

அதன்பின் வரும் பகுதிகள் வழக்கமான வரிசையில் அமையும்: உடல் விவரிப்பு, எத்தனாலில் உள்ள நிறம், உயிருள்ளபோது நிறம், பால் வேறுபாடு, பரவல், வாழிடம், பெயர்க்காரணம், பாதுகாப்பு நிலை. எண்ணிக்கைகளில் ஹோலோடைப்பின் எண்ணை நட்சத்திரக் குறியால் காட்டுவது மரபு.

பெயரும் விதிகளும்

2000 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு, பெயர் புதியது என்பதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது. பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றை மாதிரியான ஹோலோடைப்பையும், அது வைக்கப்படும் அருங்காட்சியகத்தையும் பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும் என்றும் கேட்கிறது. மின்னிதழில் மட்டும் வெளியிடுவதானால், 2012 திருத்தத்தின்படி வெளியீட்டுக்கு முன்பே விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் இணையப் பதிவேட்டில் பதிந்து, அதற்கான சான்றைக் கட்டுரையிலேயே தர வேண்டும்.

சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால் பேரினத்தின் பாலுக்கேற்ப முடிவு மாறும். கொரிடோராஸ் ஆண்பால், ஹோப்லிசோமா அலிப்பால். அதனால்தான் பாலியாட்டஸ் இப்போது ஹோப்லிசோமா பாலியாட்டம் ஆகிறது. ஒருவரைப் பெருமைப்படுத்தும் பெயரில் ஆணுக்கு "ஐ", பெண்ணுக்கு "ஏ" என்ற இலத்தீன் முடிவுகள் வரும். உங்கள் பெயரையே வைத்துக்கொள்வதைத் தவிருங்கள். மீனின் பண்பையோ, ஓடையையோ, அங்கு வாழும் மக்களின் மொழியில் அந்த மீனுக்குள்ள பெயரையோ தழுவிய பெயர்கள் எனக்குப் பிடித்தவை. பிந்தியதற்கு அந்த மக்களிடமே கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

ஹோலோடைப்போடு சேர்த்து விவரிப்புக்குப் பயன்பட்ட மற்ற மாதிரிகளான பாராடைப்களை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். 2018 செப்டம்பர் 2 அன்று ரியோ டி ஜெனீரோவின் தேசிய அருங்காட்சியகம் தீப்பிடித்தபோது பூச்சித் தொகுப்பின் பெரும்பகுதி அழிந்தது. மீன் குப்பிகள் வேறொரு கட்டடத்தில் இருந்ததால் தப்பின. சாவோ பாலோ, மனாஸ், போர்ட்டோ அலெக்ரே போன்ற நகரங்களின் தொகுப்புகளுக்கும், படுகை பல நாடுகளில் பரவினால் அந்நாட்டுத் தொகுப்புகளுக்கும் பிரித்து அனுப்புவது நல்லது.

கட்டுரையை சூடாக்ஸா, நியோட்ராபிகல் இக்தியாலஜி போன்ற மதிப்பாய்வு இதழ் ஒன்றுக்கு அனுப்பலாம். அது வெளிவரும் வரை புதிய பெயரைச் சமூக ஊடகங்களிலோ உரைகளிலோ சொல்லாதீர்கள். விவரிப்பில்லாமல் பரவும் வெற்றுப்பெயருக்குச் செல்லுபடி கிடையாது, குழப்பம் மட்டுமே மிஞ்சும். மெய்ப்புப் பார்க்கும்போது புதிய பெயரின் எழுத்துக்கூட்டலைத் தலைப்பு, சுருக்கம், அட்டவணைகள், பட விளக்கங்கள் ஆகிய எல்லா இடங்களிலும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஒரே கட்டுரையில் பெயர் இரண்டு விதமாக அச்சாகிவிட்டால், எது சரி என்பதைப் பின்னர் யாராவது விதிப்படி தேர்ந்தெடுக்க வேண்டிவரும். ஹோலோடைப்பின் பதிவெண்ணையும் அதே கவனத்தோடு குப்பிக்குள் இருக்கும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள்.